அப்பாவைத் தூக்கிய நாலு பேர்

என் தங்க அப்பாவுக்கு,

நீங்கள் போய் வருடம் திரும்பப் போகிறது. இன்னமும் பந்தல்குடி பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "ஏம்மா, ஒங்கப்பாவ யாரு தூக்குனாக?" என்று கேட்டுவிடுகிறார்கள். எப்படி இறந்தார் என்று கேட்பதில்லை. மாரடைப்பு யாருக்கும் புதிதில்லை. யார் தூக்கினார்கள், யார் கொள்ளி வைத்தார்கள், அதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நாலு பேரைச் சம்பாதித்தவனா இல்லையா என்பது நம் ஊரில் அன்றைக்குத்தானே முடிவாகிறது.

உங்களுக்கும் தெரியாதே. நீங்கள்தான் படுத்திருந்தீர்களே! அதனால் நானே சொல்கிறேன்.

முதலில் அம்மா செய்ததைச் சொல்லவேண்டும். கயானாவிலிருந்து உடம்பு வர வாரக்கணக்கில் ஆகும், விமானம் மாறி மாறித்தான் வரும் என்று நீங்கள் வெல்டிங் வேலை பார்த்த யார்டிலிருந்து போன் வந்தது. அம்மா யாரையும் கலந்துகொள்ளவில்லை. "பொட்டியில அடைச்சு ஐஸு வச்சு வார மனுசன எனக்குப் பாக்க வேணாம். ஏர்போட்டுல சிரிச்சுக்கிட்டே கையாட்டிட்டுப் போனாக. அந்த முகமே இருக்கட்டும். அங்கனயே அடக்கம் பண்ணச் சொல்லு" என்றாள். பெரியப்பா வாசலில் நின்று ஊரே கேட்கக் கத்தினார். "அந்நிய மண்ணுல அனாதையா எரியவா என் தம்பிய அனுப்புனேன்?"

மறுநாள் இங்கே விளக்கு வைக்கிற நேரம். அங்கே காலை. உங்கள் வீட்டுக்காரர் முனிசாமி, அதாவது நீங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தீர்களே அந்தப் பெரியவர், வீடியோவில் எல்லாவற்றையும் காட்ட ஏற்பாடு செய்திருந்தார். நம் வீட்டுக் கூடத்தில் ரெட்டியபட்டி ஊரில் பாதி சனம். கடலோரம் ஒரு சேற்று வெளி, அடுக்கிவைத்த விறகு, வண்டியிலிருந்து உங்களை இறக்கும் நாலு பேர். ஒருவர் முகம்போல இன்னொருவர் முகம் இல்லை. உலக வரைபடத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆளுக்கொருவரைக் கூப்பிட்டு வந்ததுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் தென் அமெரிக்காவின் மூலையில் இருக்கும் அந்த நாட்டைப் பற்றி அளந்துகொண்டே இருப்பீர்கள். தமிழ்நாட்டைவிடப் பெரிய நாடு, ஆனால் சனத்தொகை நம் விருதுநகர் மாவட்டத்தில் பாதிகூட இல்லை என்பீர்கள். "பூராவும் காடும்மா. கடலோரத்துல மட்டுந்தேன் மனுசங்க. அதுலயும் முக்காவாசி வந்தவுக, கொண்டுவரப்பட்டவுக." எண்ணெய் எடுக்கும் நாட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, இந்த மனிதர் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பாக வரும். அன்றைக்கு அந்த நாலு தோளைப் பார்த்தபோதுதான் நீங்கள் ஏன் வாய் ஓயாமல் பேசினீர்கள் என்று புரிந்தது.

முன்னால் வலப்பக்கம் கிரேன் ஓட்டும் டெஸ்மண்ட். அவருடைய முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தக் கரையில் கடல் பொங்கும்போது தண்ணீர் நிலத்தைவிட உயரத்தில் நிற்குமாம். அந்த அடிமைகள்தான் கையால் சேறு தோண்டி, கரை போட்டு, வாய்க்கால் வெட்டி, கடலை வெளியே நிறுத்திக் கரும்புக்கு நிலம் உண்டாக்கினார்கள். நூறுநாள் வேலைக்குப் போய்க் கண்மாயில் மண் சுமக்கிற அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "கடலையா தடுத்தாக?" என்று கேட்டவள், கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு இடப்பக்கம் படகோட்டி லியோ. மற்றவர்கள் எல்லாரும் வந்தவர்கள், அவர் சனம் மட்டும் ஆதியிலிருந்தே அந்த ஆறுகளின் ஓரம் இருந்தவர்கள். பின்னால் ஒரு பக்கம் நீங்கள் அரிசி வாங்கும் கடைக்காரர். அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தபின் தோட்டத்தில் வேலைக்கு ஆள் வேண்டுமென்று மதேயரா என்ற தீவிலிருந்து போர்ச்சுக்கீசியரையும், சீனத்திலிருந்து சீனரையும் கப்பலேற்றினார்களே, அந்த இரண்டு ரத்தமும் அவரிடம் இருந்தது. இன்னொரு பக்கம் உங்களோடு வெல்டிங் வேலை பார்த்த வெனிசுவேலாக்காரர். இப்போது, நம் காலத்தில், எல்லை தாண்டிப் பஞ்சம் பிழைக்க வந்தவர்.

டெஸ்மண்ட் ஆறடிக்கு மேல். கடைக்காரர் என் உயரம்தான். பெட்டி சாய்ந்துவிடும் என்று நான் பயந்தேன். டெஸ்மண்ட் என்ன செய்தார் தெரியுமா? முழங்காலை மடக்கிக்கொண்டார். அந்தச் சேற்றில், அவ்வளவு தூரமும், மடக்கிய காலோடேயே நடந்தார். நீங்கள் ஒரு பக்கமும் சாயவில்லை அப்பா. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

முன்னால் முனிசாமி நீர்க்குடம் சுமந்து போனார். சுற்றிவந்து, பின்புறமாகக் குடத்தைப் போட்டு உடைத்து, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவருக்குத் தமிழில் சாமி பெயர்களைத் தவிர வேறு வார்த்தை தெரியாது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது. பெரியப்பாவை உங்களுக்குத் தெரியாதா? கருமாதிக்கு நாள் குறித்த அன்றே ஆரம்பித்துவிட்டார். "ஊரு பேரு தெரியாதவுக வச்ச கொள்ளி கொள்ளியாகுமா? வைக்கல்ல உருவம் செஞ்சு, மொறைப்படி நம்ம காட்டுல எரிச்சு, என் மகன் கொள்ளி வைக்கட்டும். அவனுக்கே உருமா கட்டுவோம்." உடம்பு கிடைக்காதவர்களுக்கு அப்படிச் செய்கிற வழக்கம் உண்டுதான். கொள்ளி வைத்தவன் தலையில் தாய்மாமன் வீட்டார் துணி கட்டுவதும் வழக்கம்தான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவர் முழங்காலை மடக்கி நடந்தது ஒன்றுமில்லையா? இன்னொருவர் வைத்த நெருப்பு நெருப்பில்லையா?

"எங்கப்பாவ ரெண்டு தடவ எரிக்க விடமாட்டேன்" என்று பங்காளிகள் எல்லாரும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். பொட்டைப்பிள்ளைக்கு வாய் நீளம் என்றார் ஒருவர். நீங்கள் இருந்திருந்தால், "எம்மக பேச்சு சொக்கத் தங்கம், அரப்பவுனு கொறையாது" என்று சொல்லியிருப்பீர்கள்.

பெரியப்பா கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். "சரி, அந்த மனுசனக் கூப்புடு. அவுக என்ன ஆளுகன்னு கேளு."

"அப்புடியெல்லாம் கேக்கக்கூடாது பெரியப்பா."

"கேக்காம மொறை எப்புடித் தெரியும்?"

வீடியோவில் முனிசாமி வந்தார். அவர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நான் பதமாக, உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் சிரித்தார். தன் அப்பாவின் தாத்தா மெட்ராஸில் கப்பலேறியவர், வெள்ளைக்காரன் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலி, எந்த ஊர் என்பது அவரோடே போய்விட்டது என்றார். தன் அம்மா டெஸ்மண்ட் வீட்டுப் பெண், டெஸ்மண்டுடைய தாத்தாவின் தங்கை என்றார். நான் சொல்லச் சொல்லப் பெரியப்பா முகம் சுருங்கிக்கொண்டே போனது.

பிறகு முனிசாமி கப்பலைப் பற்றிச் சொன்னார். மாதக்கணக்கில் கடல். ஒரே பானைச் சோறு. யார் என்ன சாதி என்று பார்க்க அங்கே இடமில்லை. செத்தவர்களைக் கடலில் போட்டார்கள். இறங்கியதும் ஆளுக்கொரு தோட்டத்துக்குப் பிரித்துவிட்டார்கள். ஆனாலும் ஓய்வு கிடைக்கிற நாளில் ஒருவரையொருவர் தேடி மைல் கணக்கில் நடந்து போவார்களாம். ஒரே கப்பலில் வந்தவர்களுக்கு 'ஜஹாஜி' என்று பெயர், கூடப்பிறந்தவர்கள் மாதிரி. அவர்கள் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் கல்யாணம் செய்துகொள்ளமாட்டார்கள். "உன் அப்பாவும் பிழைப்புக்குக் கடல் தாண்டி வந்தவர். நான் அவரை ஜஹாஜி என்றுதான் கூப்பிடுவேன். வேறு யார் கொள்ளி வைக்கமுடியும்?" என்றவர், தலையில் கிடந்த துண்டை எடுத்தார். மொட்டை போட்டிருந்தார்.

பெரியப்பா போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "பொண்ணு குடுத்து எடுக்கமாட்டாகளா?"

"மாட்டாகளாம்."

"சாவு விழுந்தா?"

கேட்டுச் சொன்னேன். தலைமுழுகுவார்கள், காரியம் முடியும்வரை கவுச்சி சேர்க்கமாட்டார்கள், நல்லது எதற்கும் போகமாட்டார்கள்.

பெரியப்பா பங்காளிகள் பக்கம் திரும்பினார். "அப்ப பங்காளிகதானப்பா!" என்றார்.

அப்பா, எனக்குப் புல்லரித்துவிட்டது. ஊரை விட்டு, பெற்றவர்களை விட்டு, பேச்சையும் பறிகொடுக்கப்போகிற ஒரு கூட்டம், கப்பலை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக உறவுமுறையை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. யாரும் அவர்களுக்குச் சட்டம் போடவில்லை. என் நியாயம் எதற்கும் மசியாத பெரியப்பா, அந்த ஒரு முறைக்கு மசிந்தார். அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. "அம்மா வழி அந்த டெஸ்மண்ட் வீடுன்னா, அது தாய்மாமன் வீடாச்சே! உருமாத் துணிய அந்தத் தம்பிதேன் கட்டணும். சொல்லு, தயாரா இருக்கச் சொல்லு!" பொம்மை செய்ய எடுத்துவைத்திருந்த வைக்கோலை மாட்டுக்குப் போடச் சொல்லிவிட்டார்.

கருமாதி அன்று போனைச் செம்பில் சாய்த்துவைத்தோம். அங்கே முனிசாமி பலகையில் உட்கார்ந்திருந்தார். டெஸ்மண்ட் வெள்ளைத்துணியோடு நின்றார். எப்படிக் கட்டுவது என்று கேட்டார். எங்கள் மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த என் தலையில் கட்டிக் காட்டினார். அதைப் பார்த்துப் பார்த்து டெஸ்மண்ட் முனிசாமிக்குக் கட்டினார். முடிந்ததும் நான் என் தலைத்துணியை அவிழ்க்கப் போனேன். "அவுக்காத. இருக்கட்டும்" என்றாள் அம்மா. பெண் தலையில் உருமா ஏறி நம் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்?

இப்போது போன வாரத்துச் செய்தி. அம்மன் கோயில் பொங்கல். பொங்கல் தொடங்குகிற அன்று காலையில் முனிசாமி கூப்பிட்டார். கனடாவில் இருந்த அவருடைய தம்பி தவறிவிட்டாராம். கயானாவில் பிறந்தவர்களில் பாதிப்பேர் இப்போது நியூயார்க்கிலும் கனடாவிலும்தான் இருக்கிறார்கள், முனிசாமியின் பிள்ளைகள் உட்பட. வந்தவர்களின் நாடு, இப்போது போனவர்களின் நாடாகவும் ஆகிவிட்டது. பேச்சோடு பேச்சாக அவர் ஒன்று சொன்னார். யார் முந்தினாலும் பிந்தியவர் கொள்ளி வைப்பது என்று உங்கள் இருவருக்கும் ஒரு பேச்சு இருந்ததாம். "என் பிள்ளைகளால் அந்த நேரத்துக்கு வர முடியுமோ என்னவோ. உன் அப்பா இருந்திருந்தால் கவலை இல்லாமல் இருந்திருப்பேன்" என்றார். ஏன் அப்பா இதை எங்களிடம் சொல்லவே இல்லை?

பெரியப்பாவிடம் செய்தியைச் சொன்னேன். அவர் நேரே பம்புசெட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு, ஈர வேட்டியோடு வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குக் கோயிலில் முதல் மரியாதை அவருக்கு. கோயிலிலிருந்து ஆள் வந்தது, சின்ன வயசிலிருந்து கூடத் திரிந்த அவர் சேக்காளிதான் வந்தார். "ஏலே, கனடாவுல செத்ததுக்கு இங்க என்னலே தீட்டு? நீ அந்த ஆளு மூஞ்சியக்கூடப் பாத்ததில்லயே!"

"தீட்டுக்கு என்ன பாஸ்போட்டா வேணும்? எங்க பங்காளி செத்திருக்கான். காரியம் முடியாம நான் கோயில் படி ஏறமாட்டேன். போலே" என்றார் பெரியப்பா.

மேளம் நம் தெரு வழியாகவே போனது. அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பொங்கல் நடந்த மூன்று நாளும் ஊரே கறிச்சோறு தின்றது, அவர் மோர் ஊற்றித் தின்றார். உங்களைத் தூக்கியது யார் என்று இனி யாரும் அவரிடம் கேட்கவேண்டியதில்லை.

அப்பா, நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டேன். முனிசாமிக்கு நீங்கள் கொடுத்த வாக்கை என் தலையில் ஏற்றிக்கொண்டேன். அவர் பிள்ளைகள் வந்துவிட்டால் நல்லது, ஒதுங்கி நிற்பேன். வர முடியாமல் போனால் நான் போய்க் குடம் எடுப்பேன். பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "அங்க சேறா இருக்கும். வழுக்கும். பாத்து நட" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்,
முனிசாமிக்குப் பங்காளி வீட்டுப் பெண்,
செல்வி