காலண்டர் தாளின் இன்னொரு பாதி

என் ஆசை அம்மாவுக்கு,

உன் முப்பதாம் நாள் பூசை நல்லபடியாக முடிந்தது. சித்தி அழுது தீர்த்துவிட்டாள். தம்பி பிரான்ஸிலிருந்து வீடியோவில் பார்த்தான். பிரசங்கத்தில் சாமியார் உன்னை, மூத்த மகளை ஆண்டவருக்கே கொடுத்த தாய் என்று புகழ்ந்தார். கோயிலில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அது போன மாதம்.

இப்போது உன் வீட்டில், உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடத்திலிருந்து வந்து பன்னிரண்டு நாளாகிறது. என் வெள்ளை உடுப்பு கொடியில் தொங்குகிறது. உன் பூப்போட்ட நைட்டியைப் போட்டிருக்கிறேன், தொளதொளவென்று இருக்கிறது. பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இதைக் கல்லறையில் வந்து உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டுக் கதையை ஊரெல்லாம் சொன்னவள் நான். எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை தேவ அழைத்தல் முகாம்! அதைக் கேட்டுக் கண்கலங்கி மடத்தில் சேர்ந்த பெண்களும் உண்டு. அதனால் மீதிக் கதையையும் ஊர் கேட்கட்டும்.

உனக்குத் தெரிந்ததுதான். கேட்பவர்களுக்காக ஒரு முறை சொல்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்றும் ஆசை, கோயிலில் ஆர்மோனியம் வாசித்த சவரியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் ஆசை. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தன என்று கேட்டால் தெரியாது, இருந்தன. உன்னிடம் வந்து அழுதேன்.

“நீயும் நானும் ஏண்டி மண்டைய ஒடச்சிக்கணும்? மாதாகிட்டயே கேட்டுடலாம்” என்றாய்.

நம் வீட்டில் அது புதிதில்லை. வீடு மாற்றுவதா, அப்பாவுக்கு ஆபரேஷன் செய்வதா, எல்லாவற்றுக்கும் இரண்டு சீட்டு எழுதி மாதா சுரூபத்தின் காலடியில் வைத்து, செபமாலை சொல்லி, ஒன்றை எடுப்போம். அது ஒரு திங்கட்கிழமைக் காலை. முந்தின நாள் காலண்டர் தாளைக் கிழித்தாய். அதை இரண்டாகக் கிழித்து, திரும்பி உட்கார்ந்து எழுதி, மடித்து வைத்தாய். ஒன்றில் மடம், இன்னொன்றில் கல்யாணம் என்று சொன்னாய். செபமாலை முடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாய். அவனுக்கு அப்போது பதினாலு வயது, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று முனகிக்கொண்டே எடுத்தான். ‘மடம்’ என்று வந்தது.

இன்னொன்றைப் பார்க்கலாமா என்று நான் கை நீட்டினேன். பட்டென்று எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாய்.

“சாமி குடுத்த பதில சோதிச்சிப் பாக்கக் கூடாது. பாவம்” என்றாய்.

நான் நம்பினேன். அந்தத் துண்டுத் தாளை என் செபப்புத்தகத்தில் வைத்துக்கொண்டு மடத்துக்குப் போனேன். நவகன்னியர் இல்லத்தில் பயிற்சியில் இருந்தபோதும், துறவியாக வாழ்வேன் என்று முதல் வார்த்தைப்பாடு கொடுத்தபோதும் அது என்னோடு இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் கடவுள் மனதுக்குள் பேசினாராம். எனக்கு மட்டும் எழுதியே கொடுத்திருந்தார். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

முப்பத்தொரு வயதில் ஒருநாள் பையைக் கட்டிக்கொண்டு உன்னிடம் வந்தேனே, அது நினைவிருக்கிறதா? விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சவரி நினைப்பெல்லாம் இல்லை, அவனுக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள். எனக்கென்று ஒரு வீடு, உள்ளிருந்து நானே தாழ்போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான். பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக வந்தேன். நீ காப்பி போட்டுக் கொடுத்தாய். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாய்.

பிறகு கேட்டாய்: “அந்தச் சீட்டு இன்னும் வச்சிருக்கியா?”

“இருக்கு.”

“அப்போ எங்கிட்ட ஏன் வந்த? எழுதுனவர்கிட்ட போயி சொல்லு.”

நான் போய்ச் சொன்னேன் அம்மா. கோயிலில் முழந்தாளிட்டு ஒன்றரை மணி நேரம் சொன்னேன். பதில் வராததால் அடுத்த பஸ் ஏறி மடத்துக்கே திரும்பினேன். எழுதினவள் வீட்டில் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்திருப்பாள். இது எனக்கு அன்றைக்கு எப்படித் தெரியும்?

முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் உன் அலமாரியை ஒழித்தேன். சேலைகளைச் சித்திக்கு எடுத்து வைத்தேன். உன் பழைய செபப்புத்தகத்தை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன். புரட்டியபோது, செய்த பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் இருக்கும் பக்கத்தில் மடித்த காலண்டர் துண்டு ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரம் உன் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. பிரித்தேன். ‘மடம்’ என்று உன் கையெழுத்தில் எழுதியிருந்தது.

என்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கிழிந்த ஓரம் அப்படியே பொருந்தியது. திருப்பினால் சிவப்பு எழுத்தில் ஞாயிற்றுக்கிழமை முழுசாக இருந்தது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு உழவர்கரைக்குச் சித்தி வீட்டுக்குப் போனேன். பார்த்ததும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒனக்குத் தெரியாதுன்னே எனக்குத் தெரியாதுடி” என்றாள். “ஒன் தம்பி பொறந்தப்ப நீலம் பாரிச்சிக் கெடந்தான். தேறாதுன்னுட்டாங்க. அப்ப ஒனக்கு அஞ்சு வயசு. இவனக் குடுத்துடு மாதாவே, பெரியவள ஒனக்குக் குடுத்துடறேன்னு ஒங்கம்மா வேண்டிக்கிட்டா. குடுக்காம வுட்டா அவன எடுத்துக்கிட்டா என்னா பண்றதுன்னு பயந்துகிட்டே இருந்தா.”

தம்பிக்குப் போன் போட்டேன். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அவன் கல்யாணத்தின்போது நீ சொன்னாயாம். “ஒனக்கு ஒரு மெர்சி, ஒரு நன்றி சொல்லணும்னு எத்தன தடவ நெனச்சேன் தெரியுமாக்கா? அம்மாதான் வாயத் தெறக்காதேன்னுட்டாங்க” என்றான். பிறகு, “அந்த வேண்டுதல் இல்லாட்டி நான் இல்லியேக்கா” என்றான். பிழைத்திருக்கிறான், நல்லா இருக்கிறான், அவன் நல்லா இருக்க வேண்டும் என்றுதான் நானும் தினம் செபிக்கிறேன். ஆனால் யாருக்காக என்னை நேர்ந்துவிட்டாயோ அவன் கையாலேயே சீட்டை எடுக்கவைத்தாயே, அது எப்படி உனக்கு மனசு வந்தது?

என்னிடம் கேட்டிருக்கலாம் அம்மா. பத்தொன்பது வயதில் என்னை உட்காரவைத்து, இப்படி வேண்டிக்கொண்டேன், நீ என்ன சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை நானே சரி என்றிருப்பேன். என்னை ஏமாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நீ கடவுளின் கையெழுத்தைப் போட்டுவிட்டாய். இப்போது செபிக்க உட்கார்ந்தால் கேட்பது அவர் குரலா உன் குரலா என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் நான் பேசிக்கொண்டிருந்தது யாரோடு?

அம்மன் கோயிலில் நேர்ந்துவிட்ட கிடாவை நீயும் பார்த்திருக்கிறாய். அதை வெட்டுவதற்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், உதறும்வரை காத்திருப்பார்கள். நாமெல்லாம் வேதக்காரர்கள் என்று சொல்லி அந்தப் பக்கம் போகவே நீ எங்களை விட்டதில்லை. ஆனால் கிடாவுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த இரண்டாவது சீட்டை ஏன் எரிக்காமல் வைத்திருந்தாய் என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மனஸ்தாபப்பட்டிருக்கிறாய், அந்தக் கறுத்த ஓரமே சொல்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியும் இருப்பாய். அவர் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லியிருப்பார். கடவுளிடம் கேட்டாய், சாமியாரிடம் கேட்டாய், அவர்கள் இரண்டு பேரும் மன்னித்தும் இருப்பார்கள். அவர்களையா அம்மா ஏமாற்றினாய்? மாதத்துக்கு ஒரு முறை உன் எதிரில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டேனே, என்னிடம் கேட்கவே இல்லையே.

நானும் சுத்தம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு யாராவது எனக்காக முடிவெடுத்தால் தேவலை என்றுதான் இருந்தேன். தப்பாகப் போனால் பழி என்மேல் இருக்காது அல்லவா? இன்னொரு சீட்டுக்கு நீட்டிய கையை நான் ஏன் அவ்வளவு சீக்கிரம் இழுத்துக்கொண்டேன்? இந்தப் பன்னிரண்டு நாளில் இதையும் கேட்டுக்கொண்டேன். அதனால் உன்மேல் கோபம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை.

நவம்பர் கடைசியில் நான் வார்த்தைப்பாடு கொடுத்ததற்கு வெள்ளிவிழா. கோயில் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் நின்று என் வார்த்தைப்பாட்டைத் திரும்பச் சொல்ல வேண்டும். மடத்துத் தலைவி மதரிடம் இரண்டு துண்டையும் காட்டி, என்னால் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை என்றேன்.

அவர் இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தார். “பத்திரிகை அடிச்சாச்சே சிஸ்டர்” என்றார். பிறகு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. “போங்க. நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாள் வரைக்கும் ஒங்க அம்மா வீட்ல இருங்க. ஒரு பதிலோட வாங்க” என்றார்.

அதனால்தான் இங்கே இருக்கிறேன். காலையில் எழுந்து நானே காப்பி போட்டுக்கொள்கிறேன். உன் கதவை உள்ளிருந்து தாழ்போட்டுக்கொள்கிறேன். முதல் நாள் அது பிடித்திருந்தது. அஞ்சாம் நாள் என் வகுப்புப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள், கணக்கில் மக்காக இருக்கும் அந்த நாலு பேரும் என்ன செய்கிறார்களோ என்றிருந்தது. இதுவும் நீ எழுதிவைத்ததா, இல்லை என்னுடையதுதானா? மாதா சுரூபம் அங்கேயே இருக்கிறது. அதன் காலடியில் எந்தச் சீட்டும் வைக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் கடிதம் அழகாக முடியும். பொய் எழுத மாட்டேன். நம் வீட்டில் எழுதிய பொய் போதும்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் சாமந்திப் பூவும் எடுத்துக்கொண்டு உன்னிடம் வருவேன், என் பதிலோடு வருவேன். என்ன பதில் என்று இன்றைக்கு எனக்கே தெரியாது. வெள்ளை உடுப்பில் வந்தாலும் வருவேன், கலர் சேலையில் வந்தாலும் வருவேன். எதில் வந்தாலும் பயந்துவிடாதே அம்மா. தம்பிக்கு ஒன்றும் ஆகாது. இந்தத் தடவை என்னை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள், நானாக வந்திருப்பேன்.

நீ கேட்காமல் கொடுத்துவிட்ட
உன் மூத்த மகள்,
செலின்