உதிரனின் குரல்

ஜூன் 3, செவ்வாய்

உதிரன் இன்று மூன்றாவது கிணற்றையும் பிடித்துவிட்டான். கடைக்குப் போகும் முன் அறைக்கதவை அடைத்து, சுற்றிலும் கம்பளியைத் தொங்கவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசினேன். மின்விசிறி போட்டால் மைக்கில் இரையும். நான் உதிரனுக்குக் குரல் கொடுக்கும் ஒலித்தொடரின் இயக்குநர் ரோசலின் சென்னையிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தார். லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"பிரகாஷ் சார், கத்தாதீங்க. இவன் ஒரு படைக்கே தலைவன். நலம் விசாரிக்கிற மாதிரி பேசுங்க."

இந்தத் தளபதி எனக்குப் பிடிபடவே நாளாயிற்று. செம்பாழ் என்ற பாலைவன உலகத்தில் கிணற்றுக் காவலுக்கு நின்ற வெறும் சிப்பாய். ஒருநாள் வாளியைத் தராமல் நிறுத்தினான். ஊரே அவன் முகத்தைப் பார்த்தது. அன்று பிடித்த பசி. கிணறு போதாமல் படை, படை போதாமல் இப்போது அரியணை.

கடைசியாக, கிணற்றுக்காரக் கிழவியிடம் மெல்லக் கேட்டேன். "தாயே, தனியாகவா இருக்கிறாய்? கிணறு மிகவும் ஆழமோ?"

இந்த முறை ரோசலின் மறுபடி பேசச் சொல்லவில்லை. "எனக்கே கை சில்லுன்னு ஆயிடுச்சு சார்."

அதன்பின் பகல் முழுக்க ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடித்து "வாங்கம்மா வாங்க" என்று கூவினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கம்தான்.

ஜூன் 9, திங்கள்

சேதுபதி வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன்; இப்போது நில புரோக்கர். நான் பதிவு செய்யும் அறை அவன் கட்டடத்தில்தான் இருக்கிறது, வாடகை வாங்குவதில்லை. தொடரை ஒன்று விடாமல் கேட்கிறான்.

சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டமாம். சுந்தரம்மாள் என்று ஓர் அம்மா. புருஷன் இல்லை, கிணற்றை நம்பிச் சம்பங்கி போட்டிருக்கிறார். சுற்றியுள்ள நிலமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. நடுவில் இவர் மட்டும் தர மாட்டேன் என்கிறார்.

"நீ ஒண்ணும் மிரட்ட வேணாம் மாப்ள. அந்தக் கொரல்ல நல்லா இருக்கீகளான்னு கேளு. அம்புட்டுதான்."

முடியாது என்றேன். சிரித்தான். "உதிரனே பயப்படுறானே!"

ஜூன் 11, புதன்

பேசிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

அவன் வேறொரு போனைக் கொடுத்தான். அந்த அம்மா "யாரு, அன்புமணியா?" என்றபடி எடுத்தார். நான் அவசரப்படவில்லை.

"அம்மா, தனியாவா இருக்கீங்க? கிணறு ரொம்ப ஆழமோ?"

"யாருப்பா நீ? நான் யாருக்கு என்னப்பா செஞ்சேன்?"

பதில் சொல்லாமல் சும்மா இருந்தேன். அந்தச் சும்மா இருந்ததுதான் — எழுதக் கை வரவில்லை, எழுதத்தான் வேண்டும் — எனக்குப் பிடித்திருந்தது. என் அடுத்த வார்த்தைக்காக இதுவரை ஒரு உயிரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

சாப்பிடும்போது மனைவி நாகஜோதி பொரியல் சட்டியைக் காட்டி, "வெஞ்சனம் இன்னும் வைக்கட்டா?" என்றாள். "வை" என்றேன். கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கிட்ட எதுக்கு அந்தக் கொரல்?"

நான் அந்தக் குரலில் பேசவில்லையே. பேசினேனா?

ஜூன் 14, சனி

இன்றைய பதிவு இதுவரை வந்ததிலேயே பிரமாதம் என்றார் ரோசலின். நன்றி சொல்லாமல் போனை வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

சேதுபதி இனிப்போடு வந்தான். "வேல முடிஞ்ச மாதிரிதான் மாப்ள. அந்தம்மா தோட்டத்து வீட்டப் பூட்டிட்டு சின்னாளபட்டியில தங்கச்சி வீட்டுக்குப் போயிருச்சு. பூவெல்லாம் எடுக்க ஆளில்லாம செடியிலயே கெடக்கு. இன்னொரு தடவ பேசு, கையெழுத்து போட்டுரும்."

"என்னால முடியாதுடா."

"ஏலே, அன்னைக்குப் பேசுனது எங்கிட்ட ரெக்கார்டு இருக்கு. அந்தக் கொரலு யாருதுன்னு ஊருக்கே தெரியுமே."

குரலை உயர்த்தவில்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டு, நலம் விசாரிக்கிற மாதிரிதான் சொன்னான். நாளை மறுநாள் வரை யோசி என்று இனிப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

ஜூன் 17, செவ்வாய்

நாகஜோதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"அந்தம்மா எங்க இருக்காகன்னு தெரியுமா?"

"சின்னாளபட்டியில."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

ஜூன் 18, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சின்னாளபட்டியில் விசாரித்து, சுந்தரம்மாள் இருந்த வீட்டுக்குப் போனேன். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். யாரோ என்னவோ என்று கேட்காமல் முதலில் தண்ணீர் கொடுத்தார். குடிக்காமல் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். சொன்னேன். போனில் பேசியது நானென்று அவர் நம்பவில்லை.

"நீயா? உன் கொரலு கீச்சுன்னுல இருக்கு."

"நான்தாம்மா."

"அப்ப பேசிக் காட்டு."

மாட்டேன் என்றேன்.

"பேசுடா!"

அதே வரியைப் பேசினேன். அவர் செம்பைத் தரையில் வைத்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டார். உள்ளே தறிச் சத்தம் நின்று தங்கை ஓடி வந்தார். சுந்தரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் என்ன பண்ணிட்டேன், அய்யோ, என்ன பண்ணிட்டேன்! அறைவார் என்று நின்றேன். அறைந்திருந்தால் தேவலை.

கண்ணைத் திறந்தவர் முந்தானையை இழுத்துச் செருகினார். "செருப்பப் போடு. ஸ்டேசனுக்குப் போவோம். இதே மாதிரி அங்கயும் பேசு."

என் பைக்கில் ஏற மறுத்துவிட்டார். பஸ்ஸில் போனோம். அவர் முன் இருக்கையில், நான் கடைசியில். ஸ்டேஷனில் பேசச் சொன்னபோது ஒரு கான்ஸ்டபிள் மட்டும் சிரித்தார். அந்தம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவரும் நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

வழக்கில் சேதுபதியும் நானும். அவன் உள்ளே இருக்கிறான், எனக்கு ஜாமீன். அறையைக் காலி செய்தாயிற்று. கம்பளிகளை நாகஜோதி வெயிலில் போட்டிருக்கிறாள்.

ரோசலின் கூப்பிட்டார். "உதிரன் அரியணை ஏறுற பகுதி சார் இது. வேற ஆள் போட்டுட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க." எடுத்துக்கொள்ளவில்லை. யார் பேசினாலும் அவன் ஏறத்தான் போகிறான்.

கடையில் மைக்கை இன்னும் பிடுங்கவில்லை. கூவுகிறேன்.

சுந்தரம்மாளின் அக்கா மகன் அன்புமணியைக் கோர்ட் வாசலில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகும்போது மட்டும், "சின்னம்மா தோட்டத்துக்கே போயிருச்சு" என்றார். யாரிடம் சொன்னார்? அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சேதுபதி வெளியே வந்துவிட்டான். பஸ் நிலையத்தில் ஒரு காரில் பார்த்தேன். என்னைக் கண்டு கையசைத்தான்.

அந்த அம்மாவுக்கு உடனே தெரிய வேண்டும் என்று, புகாரில் பார்த்துப் பதிந்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தார். "அம்மா" என்றேன். என் சொந்தக் குரலில்தான் சொன்னேன். வைத்துவிட்டார். மறுபடியும் அடித்தேன், எடுக்கவில்லை.

வீட்டுக்கு ஓடி நாகஜோதியின் போனிலிருந்து அவளைப் பேசச் சொன்னேன். கொல்லைப்பக்கம் போய்ப் பேசினாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள்கூட.

"கேட்டுக்கிட்டாக. அன்புமணி கூடவே இருக்காராம், ரெண்டு நாயும் வாங்கிருக்காக. ஸ்டேசன்லயும் சொல்லி வச்சிர்றேன்னாக."

"என்னையப் பத்தி?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இனிமே எதுனாலும் நாந்தான் பேசணுமாம். நீங்க வேணாமாம்."

சுந்தரம்மாளின் எண்ணை அவள் போனில் பெயர் போட்டுப் பதிந்து கொடுத்தேன். என் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.