கடைசிப் பாட்டுக்குக் கை தட்டினது

மார்கழி 12, 1996. வியாழன் இரவு.

பின்னேரம் வேலை இல்லை. கால்சாத் தெருப்பக்கம் இருக்கிற ஜசிந்தா வீட்டை போனன். மேரி அக்காவும் வந்திருந்தா. கதை முழுக்க செவ்வாய்க்கிழமைக் கச்சேரிதான். அந்த பிராட்வே பாடகியின்ரை கசெற்றைத் தேயத் தேயக் கேட்ட ஆக்கள் நாங்கள். அவவை நேரிலை பாத்ததை இவை ரெண்டு பேரும் இன்னும் நம்பேலாமல் இருக்கினம்.

"முதல் பாட்டோடையே எனக்குக் குளிர் மறந்து போச்சு" எண்டா மேரி அக்கா.

ஜசிந்தா என்னைப் பாத்தாள். "உனக்கு எது பிடிச்சது?"

"எல்லாம் நல்லாத்தான் இருந்தது."

"கடைசிப் பாட்டு முடிஞ்சு எல்லாரும் கதிரையிலை இருந்த பிறகும் நீ நிண்டு கை தட்டினாய். நான்தான் இழுத்து இருத்தினன்."

எனக்கு அது ஞாபகமில்லை. பாடகி இடையிலை தண்ணி குடிச்சது மட்டும் ஞாபகம்.

செவ்வாய் மத்தியானம் மன்னாரிலையிருந்து மாமா, நான் வேலை செய்யிற இத்தாலிக்கார அம்மா, சிஞ்ஞோரா வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தவர். மீன்பிடிக்கப் போன என்ரை தம்பியின்ரை வள்ளம் கரை ஒதுங்கிட்டுதாம். தம்பி அதிலை இல்லையாம். நான் போனை வைச்சிட்டு, மிச்ச உடுப்பை அயன் பண்ணிப்போட்டு, கச்சேரிக்குப் போனன்.

இவைக்கு இன்னும் சொல்லேல்லை. சொன்னால் மேரி அக்கா உடனே செபமாலையை எடுத்துக்கொண்டு முழங்காலிலை நிப்பா. செத்தவைக்குச் சொல்லுற செபத்தைத் தொடங்குவா. பிறகு அதை ஆரும் நிப்பாட்டேலாது.

வெளிக்கிடேக்கை ஜசிந்தா ஒரு கசெற்றைத் தந்தாள். தன்ரையிலையிருந்து கொப்பி பண்ணினதாம்.

"தம்பிக்கு அனுப்பிவிடு. அவனும் கேக்கட்டும்."

ஓம் எண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டன்.