வலை ஈயமும் உன் குரலும்

குருநகர்,
9.8.1966

அன்பு மகன் வின்சன்றுக்கு,

மாதாவின் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் லண்டன் குளிருக்குள் சுகமாயிருக்க எங்கள் செபம் எப்போதும் உண்டு. போன மாதம் வந்த பார்சலைப் பிரித்து, இதென்ன மல்லியும் வேர்க்கொம்பும், எனக்கு ஒரு தடிமனும் இருமலும் இல்லையே என்று யோசித்திருப்பாய். தடிமன் உனக்கில்லை மகன், நீ வாங்கித் தந்த பாட்டுப்பெட்டிக்கு. அதற்கு வைத்தியம் பார்த்த பெரிய டொக்டர் நான்தான், ஆறுதலாய் இருந்து வாசி.

நீ ரயில் ஸ்ரேசனில் காசு போட்டால் குரல் பதிகிற கூண்டுக்குள் நின்று பேசித் தட்டில் பதித்து அனுப்பிய குரலை அம்மா தினமும் செபமாலை முடிந்ததும் போட்டுக் கேட்பது உனக்குத் தெரியும், அதைக் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். ஈஸ்டருக்குப் பிறகு ஊசி துள்ளத் தொடங்கியது. அம்மா சுகமா என்று நீ கேட்கிற இடத்தில் பாய்ந்து, மாமியை விசாரித்ததாகச் சொல்லச் சொன்ன இடத்தில் போய் விழும். அம்மாவின் முகம் வாடிவிடும். நான் சும்மா இருப்பேனா. காலமெல்லாம் கடலில் கிடந்தவன், வலை மிதந்தால் என்ன செய்வது, ஈயம் கட்டுவது. ஊசிக்கையின் தலையில் ஒரு வலை ஈயத்தை நூலால் கட்டினேன், துள்ளல் நின்றது. எனக்கு வந்த புளுகத்தையும் பெருமையையும் கேட்க வேண்டாம், பக்கத்து வீட்டுச் சூசைதாசனிடம் போய், உங்கள் பெட்டி துள்ளினாலும் சொல்லுங்கோ, வந்து பார்த்துத் தாறன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு உன் குரல் கரகரத்தது. பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றாள் அம்மா. தட்டிலுள்ள குரலுக்கு எப்படியடி சளி பிடிக்கும் என்று சிரித்தேன், சிரித்துவிட்டுப் பார்சலைத் தபாலில் போட்டவனும் நான்தான். குரல் இன்னும் அடைத்தது, நான் இன்னொரு ஈயம் கட்டினேன்.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணிக்கூடு திருத்துகிற பொன்னம்பலத்தாரிடம் போனேன். அவர் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்க வைத்தார். ஊசி நுனியில் இருக்க வேண்டிய சின்னக் கல்லைக் காணவில்லை, எப்பவோ தேய்ந்து விழுந்துவிட்டதாம். வெறும் இரும்பை ஈயத்தால் அமத்தி உன் குரலை உழுதிருக்கிறேன் மகன். புது ஊசி எந்தக் கடையிலும் இல்லை, வெளிநாட்டுச் சாமான் வருவதில்லை என்கிறார்கள். அவர் பழைய பெட்டியொன்றிலிருந்து கல்லோடு ஒரு நுனியைக் கழற்றி, இடுக்கியால் பிடித்துப் பசை தொட்டு ஒட்டித் தந்தார். என் மூச்சுப் பட்டாலே அது பறந்துவிடுமென்று என்னை வெளியில் நிறுத்திவிட்டுத்தான் ஒட்டினார்.

இப்போது மற்றத் தட்டெல்லாம் நன்றாகப் பாடுகின்றன. உன்னுடையதைப் போட்டால் மீன் பொரிக்கிற சத்தம் மட்டும்தான். அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரம், தட்டை உறைக்குள் வைத்துவிட்டு, அவள் வந்ததும் பெட்டி இன்னும் சரிவரவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன். ஆகையால் ரகசியமாய்க் கேட்கிறேன், திரும்ப அந்தக் கூண்டுக்குள் போய் அதே சொற்களை அதே மாதிரிப் பேசி அனுப்பு, நடுவில் ஒருமுறை செருமினாய், அதையும் விடாதே. அவளுக்குத் தெரியாமல் மாற்றி வைத்துவிடுவேன்.

இவ்வளவும் எழுதும்போது அம்மா தேத்தண்ணியோடு வந்துவிட்டாள். கடிதத்தைக் கையால் பொத்தினேன். பொத்த வேண்டாம் என்றாள். ஈயம் கட்டிய கிழமையே தட்டைத் துடைத்த துணியில் கறுப்புத் தும்பு வந்ததாம், அது தேய்கிறதென்று அப்போதே தெரியுமாம், சளி என்று சொன்னதும் என்னை வெட்கப்படுத்தாமல் இருக்கத்தானாம். பிறகு ஏனடி போட்டுப் போட்டுக் கேட்டாய் என்றேன். "நீங்கள் கடலுக்குப் போறதை விட்ட பிறகு, ஈயம் கட்டின அண்டைக்குத்தான் சிரிச்சியள். அவன்ரை சொல்லெல்லாம் எனக்குப் பாடம், தட்டுப் போனால் போகட்டும். ஒருக்கால் வந்திட்டுப் போகச் சொல்லி எழுதுங்கோ" என்றாள்.

அதனால் மேலே எழுதியதை வெட்டவில்லை, நீயும் சிரி. தட்டு அனுப்பாதே. நீ போய் ஐந்து வருசம் மகன். அம்மா தேடுகிறாள், அம்மா தேடுகிறாள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேனே, தேடியது நானும்தான்.

மாதாவின் கை உன் தலைமேல் இருக்கட்டும். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. கப்பல் நாளை முன்கூட்டியே எழுது, கொழும்புக்கு நானே வந்து நிற்பேன்.

உன் அன்பு அப்பா,
நீக்கிலாப்பிள்ளை