மேல்வரிசை யார் பின்னியது

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. நானும் அம்மாவும் அண்ணனும் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று கேள்விப்பட்டால் மனசு ஆறும். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், அந்தப் படியை நான்தான் கட்டினேன் என்பது போல. அண்ணனுக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் சொல்ல வந்தது வேறு, அதைப் பேச ஆரம்பித்தாலே நீ அழுகிறாய், உன்னைத் தேற்றுவதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. தபாலில் போட்டால் உன் கண்காட்சி முடிந்துதான் வந்து சேரும், அதனால் அண்ணி இதைப் படம் பிடித்து இப்போதே உன் போனுக்கு அனுப்புவாள். பாதியில் நிறுத்தாமல் படி.

உங்கள் கைவினைக் கூட்டத்திலிருந்து தோல்பை தைக்கிற பெண் நேற்று வந்தாள், கண்காட்சிச் சுவரில் ஓட்டுவதற்காக ஒவ்வொருவர் வீட்டையும் வீடியோ எடுக்கிறவள். பிறந்து வளர்ந்தது எந்த நாடோ, நம் பேச்சை நன்றாகவே பேசுகிறாள். வந்ததும் அம்மாவின் பை வார் அறுந்திருப்பதைப் பார்த்து, யாரும் கேட்காமலே தன் ஊசியை எடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். முதல் சந்தையில் உனக்கு இடம் கிடைக்காமல் நின்றபோது தன் மேசையில் பாதியைக் கொடுத்தவள் இவள்தான் என்று நீ சொல்லியிருக்கிறாய். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

பழைய கப்பல் வடங்களைப் பிரித்து நீ பின்னிய சுவர்த் தொங்கலை அவள் தன் போனில் காட்டினாள். சுவர் அகலத்துக்கு மாட்டியிருக்கிறார்கள், எனக்கே அடையாளம் தெரியவில்லை. அங்கிள், மேல்வரிசை மட்டும் எதிர்ப்பக்கமா சாயுது பாருங்க, எல்லாரும் அங்கதான் நின்னு பாக்கறாங்க என்றாள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் நீ எழுதியிருப்பதையும் படித்துக் காட்டினாள், மேலே போகப் போக மனம் தன்னையே எதிர்த்துத் திரும்புகிறதாம். மனமும் திரும்பவில்லை, மண்ணும் திரும்பவில்லை. நான் இடதுகைக்காரன், அவ்வளவுதான். துறைமுகத்தில் வடம் பின்னிய காலம் முழுக்க, என் வடத்தை மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு, நொட்டாங்கையன் பின்னினதுடா என்று மேஸ்திரி கத்துவார். போன தடவை நீ வந்தபோது உன் மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது, அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, மேல்வரிசையை நீங்க முடிச்சுக் குடுங்கப்பா என்று கேட்டாய், செய்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மகளுக்குச் செய்ததற்கு அட்டையில் பேர் போடு என்று கேட்கிற ஆளும் நான் இல்லை.

குறை எங்கே என்றால், பீங்கான் கோப்பை செய்கிறவர் விஷயத்தில். மழைக்காலத்தில் ஒருநாள் எதையோ மென்றுகொண்டே நீ போனில் சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. அவர் கோப்பைகளுக்குப் பிடி வைத்தது அவர் தம்பி என்று தெரியவந்ததும் கூட்டம் போட்டு அவரை வெளியே அனுப்பினீர்களாம், கோப்பைகளைப் பெட்டியில் அடைத்து அனுப்பக் காத்திருந்த மனிதரை. நீயும் கை தூக்கினாயாம். பாவம் இல்லையா என்றேன். ரூல்னா எல்லாருக்கும் ரூல்தாம்பா, ஒரே ஆள் கையால செஞ்சதுதான் உள்ள வரும் என்றாய். அப்போது உன் தொங்கல் என் மேல்வரிசையோடு அங்கே போய்ச் சேர்ந்து மாதம் ஒன்றாகியிருந்தது. நான் உடனே கேட்டிருப்பேன், நீ வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய்.

நேற்று அந்தப் பெண் என்னையும் ஒரு வடம் பின்னச் சொன்னாள், அப்பா தொழில் மகள் கையில் எப்படி வந்தது என்று வீடியோவில் காட்டவேண்டுமாம். கயிற்றை எடுக்க இடதுகை தானாக நீண்டது, இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விரல் வலிக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று பொய் சொன்னேன். வலிக்குத் தைலம் தருகிறேன் என்று பையைத் துழாவினாள், என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாளைக் காலை மறுபடியும் வருகிறாள்.

உன் அம்மா ஒரேயடியாக என்னைத்தான் வைகிறாள். ஊர்ல யாருங்க எல்லாத்தையும் தனியா செய்யறாங்க, கையை மடக்கிக்கிட்டு இன்னொரு நாள் இருந்தா என்ன குறைஞ்சு போயிடுவீங்க, பொண்ணு ஆபீஸ் வேலையை விட்டுட்டு இதையே நம்பி நிக்குது என்கிறாள். அவள் சொல்வது எனக்கும் தெரியும். இந்தக் கண்காட்சியோடு நீயும் நாடு நாடாகப் போகவேண்டியவள், இதிலிருந்து உன்னை எடுத்துவிட்டால் திரும்ப ஏறுவது கஷ்டம். இந்த இடத்தை எழுதும்போது, இதை விட்டுரலாமே மாமா என்று அண்ணி பேனாவை வைத்துவிட்டாள், எழுதும்மா என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நாளைக்கு அவள் கயிற்றைக் கொடுத்தால் நான் வாங்கிப் பின்னுவேன், எனக்குத் தெரிந்த ஒரே விதமாக. வாயால் ஒன்றும் சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பெண் குருடி இல்லை. அவள் என் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதும் உன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதும் ஒன்றாகாது. அதனால் அவள் நம் கதவைத் தட்டுவதற்கு முன்னால் நீ அவளிடம் பேசியிருக்க வேண்டும். அட்டையையும் மாற்றச் சொல். வெளியே போ என்றால் தொங்கலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தே வா. அந்த ரூலே சரியில்லை என்று இப்போது தோன்றினால், அதையும் கூட்டத்தில் எழுந்து சொல், உனக்காக மட்டும் சொல்லாதே. வடத்துண்டு ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன், காலைக்குள் இளகிவிடும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை எடுத்த வேலை எதுவும் சோடை போகக்கூடாது, அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, தோல்பைப் பெண்ணிடம் பேசுவதற்கு முன்னால் கோப்பைக்காரரிடம் பேசு. அவர் போனை எடுக்காவிட்டால், எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன் அப்பா