குணாவின் பதினேழு கட்டுரைகள்

என் செல்லச் சண்டைக்காரி ரீத்தாவுக்கு,

நேற்று உனக்கு முதலாண்டு நினைவுப் பூசை. உன் மகள் ஜெசிதான் வேத வாசகம் வாசித்தாள். உன்னைப் போலவே மூக்கை ஒரு இழு இழுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் வாசலில் குணா நிற்கிறான். ஆமாம்டி, நம்ம குணாவேதான்.

எப்படி வந்தான் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இதை நம் இன்டர்நெட் பக்கத்திலேயே போடப்போகிறேன். படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது, அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் நடுவில் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

நாம் நாலு பேர். பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்த பழக்கம். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த நீ. பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக நான். சாலாக் செலாத்தானிலிருந்து லோரி ஓட்டுகிற முருகேசு அண்ணன். கிள்ளானில் டியூஷன் எடுக்கிற குணசீலன். இன்டர்நெட்டில் இலவசமாக இடம் கிடைக்கிறது என்று யாரோ சொல்ல, ஆளுக்கொன்றாக எழுதிப் போட நாமும் ஒரு பக்கம் தொடங்கினோம். அண்ணன் பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதித் தருவார். நீ டைப் அடிப்பாய். குணா வாரத்துக்கு இரண்டு அனுப்புவான். நான் மாதத்துக்கு ஒன்று எழுதினால் பெரிய காரியம்.

எல்லாம் ஒரே பட்டியலாக நீண்டுகொண்டே போனது. புதியது மேலே, பழையது அடியில். அண்ணன் தன் மனைவியின் கடைசி நாட்களைப் பற்றி எழுதியது குணாவின் ஏழு கட்டுரைகளுக்குக் கீழே போய்விட்டது. "தங்கச்சி, என்னோடது இன்னும் இருக்கா? எடுத்துட்டீங்களா?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்றைக்கு முழுக்க நீ சாப்பிடவில்லை.

அடுத்த நாளே எல்லாருக்கும் போன் போட்டாய். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரே கேள்வி: "இதை யாருக்கு எழுதினீங்க?" உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வந்த பதில்களை வைத்து நீ தலைப்புகள் போட்டாய். "ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு." "அப்பாவோடு பேச்சை நிறுத்தியவர்களுக்கு." "புது வேலையில் மதியம் தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு." அந்தக் கடைசித் தலைப்பின் கீழே என்னுடையது ஒன்று வந்தபோது, அப்படியொரு ஆளுக்குத்தான் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

குணாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "எழுதினவங்க பேர்ல வரிசைப்படுத்து, ரீத்தா. என்னோடதை இப்படிப் பிச்சுப் பிச்சுப் போட்டா இதுல நான் எங்க இருக்கேன்?" என்றான்.

"படிக்க வர்றவங்களுக்கு நம்ம பேரா முக்கியம்?" என்று நீ கேட்டாய்.

"எனக்கு முக்கியம்லா!"

அதோடு அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்தினான். கொஞ்ச நாளில், தான் எழுதிய எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லி எனக்கு ஒரு மெயில் அனுப்பினான். அப்போது நீ இரண்டாவது ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாய். பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீ படுத்திருக்கும்போது இப்படி ஒரு மெயிலா என்று எனக்கு ஆத்திரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக அழித்தேன். பதினேழு. நகல்கூட வைத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், அழிக்க அழிக்க நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நீ முதலில் பார்த்தது அதைத்தான்.

"குணா எங்கடி?"

"அவன்தான் கேட்டான். தூக்கிட்டேன்."

நீ கத்துவாய் என்று பார்த்தேன். தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டாய்: "அவன் கோவத்துல சொன்னான். நீ அதை அன்னிக்கே செய்யணுமா, மீனா? யாராவது பாதி படிச்சிட்டு, மீதிய நாளைக்குப் படிக்கலாம்னு போயிருந்தா?"

அப்புறம் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. உனக்கு உடம்பு தேறட்டும், இரண்டு பேருமாகக் கிள்ளானுக்குப் போய் அவனைப் பார்க்கலாம் என்று நான் மனசுக்குள் திட்டம் போட்டேன். உன்னிடம் ஏன் சொல்லாமல் இருந்தேன்? நேரம் இருக்கிறது என்று நினைத்தேனா?

உன் அடக்கத்துக்குப் பிறகு நாலு மாதம் அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. ஒருநாள் திறந்தபோது, படிக்கிறவர்கள் கருத்து எழுதுகிற கெஸ்ட்புக்கில் ஒரு பெண் எழுதியிருந்தாள். ஈப்போக்காரி. "அப்பாவோடு பேசாம இருக்கிறதப் பத்தி ஒருத்தர் எழுதியிருந்தாரே, அது எங்க போச்சு? என் தம்பிகிட்ட காட்டணும். அவன் வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு."

அது குணா எழுதியது. நான் அழித்தது.

நகல் ஏதாவது இருக்குமா என்று ஜெசியிடம் போய்க் கேட்டேன். நகல் இல்லை. உன் நீல நோட்டுப் புத்தகம்தான் இருந்தது. ஒவ்வொரு கட்டுரையின் பெயர், பக்கத்தில் அது யாருக்கு என்று. கடைசித் தாளில் எங்கள் மூன்று பேரின் பெயர்களை வரிசையாக எழுதி, மேலே ஒரு வரி: "பெயர்ப் பட்டியலும் வேண்டும். குணா கேட்டது நியாயம்தான்." உன் கையெழுத்து நடுங்கியிருந்தது. படுக்கையில் எழுதியிருக்கிறாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டோடு கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். கதவைத் திறந்த குணா என்னை உள்ளே கூப்பிடவில்லை. நானும் எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"உன் கட்டுரையெல்லாம் திரும்ப வேணும், குணா. அன்னிக்கு அழிச்சது நான்தான். ரீத்தாவுக்கு அப்ப தெரியாது."

"நீயா?" என்றான். "அவதான் கையோட தூக்கிட்டான்னு நெனச்சேன். அதான் அவ சாவுக்குக்கூட வரல."

நான் நோட்டைப் பிரித்து அந்தக் கடைசித் தாளைக் காட்டினேன். நின்றபடியே படித்தான். மறுபடியும் படித்தான்.

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்லா" என்றான். யாரைச் சொன்னான்? உன்னையா, என்னையா, தன்னையேவா? எனக்குத் தெரியவில்லை. அப்புறம்தான், "வா, உள்ள வா. டீ குடி" என்றான்.

அவனுடைய டிஸ்கெட்டில் கட்டுரையெல்லாம் பத்திரமாக இருந்தது. ஆனால் அவனுடைய எழுத்துரு வேறு. உன் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரே கிறுக்கல். அதனால் அவன் தன் வீட்டில் பிரிண்ட் எடுத்து, சனிக்கிழமை தோறும் பிரிக்பீல்ட்ஸில் உன் வீட்டுக்கு வந்து வாசிக்க, நான் உன் நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்தேன். பதினேழையும் முடிக்க ஆறு வாரம். ரீத்தா, ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அவன் எழுதியதை நான் முழுதாகக் கேட்டது அப்போதுதான். அதுவரைக்கும் எத்தனை எழுதுகிறான் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, படித்ததே இல்லை. அப்பா கட்டுரை வந்தபோது அவன் பாதியில் நிறுத்திவிட்டான். மீதியைத் தாளைப் பார்த்து நானே அடித்தேன்.

இப்போது பதினேழும் நீ நோட்டில் குறித்த இடத்தில் இருக்கின்றன. பெயர்ப் பட்டியலும் போட்டாயிற்று. அதில் உன் பெயர் இல்லை என்று கண்டுபிடித்தவர் முருகேசு அண்ணன்தான்.

"அவ எதுவும் எழுதலியேண்ணே" என்றேன்.

"என்னம்மா நீ! இந்தத் தலைப்பெல்லாம் யாரு எழுதினா?" என்றார்.

குணா உடனே என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து எல்லாருக்கும் மேலே உன் பெயரை அடித்தான். அதன் கீழே இருபத்திரண்டு தலைப்பும் வரிசையாக நிற்கின்றன. அவன் பெயர் உன் பெயருக்கு அடுத்துதான் வருகிறது. அகர வரிசைப்படி அவன் பெயர்தான் முதலில் வரவேண்டும்; அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

ஈப்போக்காரி போன வாரம் மறுபடி எழுதியிருந்தாள். "தம்பிகிட்ட காட்டினேன். ஒண்ணும் பேசல. பிரிண்ட் எடுத்து மடிச்சுப் பையில வச்சிக்கிட்டுப் போயிட்டான்." அவ்வளவுதான். அதற்குமேல் என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரியாது. தெரிந்தால் சொல்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேல் யார் எதை எடுக்கச் சொன்னாலும் ஒரு நகல் எடுத்து வைப்பேன். ஒரு வாரம் பொறுப்பேன். நேரில் போய், நிஜமாகவே எடுத்துவிடட்டுமா என்று கேட்பேன். கோபம் என்னுடையதாக இருந்தால் இரண்டு வாரம் பொறுப்பேன்.

உன் ஜெசிக்கு என்றைக்கும் சித்தியான,
மீனாள்