மத்தியானம் வரை ஓடிய தெளிந்த நீர்

ஸஃப்ஸாஃபா,
வியாழக்கிழமை

அன்பு மகள் ருதைனாவுக்கு அப்பா எழுதுவது. இறைவன் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. அங்கே நீயும் மருமகன் கஸ்ஸானும் பேத்தி தீமாவும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு அத்னானின் அம்மாவுடைய மருமகன் நாளை ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறான், டிரெஸ்டனில்தான் இறங்கப் போகிறானாம். அவனிடம் ஸஅதர் பொடியும் ஆலிவ் எண்ணெயும் உன் அம்மா போட்ட கத்திரிக்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறோம், இந்தக் கடிதமும் அந்தப் பையில்தான் வருகிறது. போனில் சொன்னால் போதாதா என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் திருத்திக்கொண்டே இருப்பாள், நடந்தது உனக்கு முழுசாக வந்து சேராது. தொலைக்காட்சியில் நீ பார்த்தது அரை நிமிஷம். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நான் சொல்கிறேன்.

அமைச்சர் நம்முடைய ஓடைக்கு வந்தார் மகளே. பாலத்துக்குக் கீழே, முன்பு மாவு மில் இருந்த இடத்தில், பூங்கா ஒன்று கட்டியிருக்கிறார்கள், நம் வீட்டுத் திராட்சைப் பந்தலிலிருந்து பார்த்தால் முழுசும் தெரியும். அந்தப் பூங்காவைத் திறந்துவைத்து, ஓடை சுத்தமாகிவிட்டது என்று அறிவிப்பதாக ஏற்பாடு. அறிவித்துவிட்டால் ஊர்க்காரர்கள் இத்தனை வருஷமாகக் கொடுத்த புகார்களை மூடிவைத்துவிடலாம். அந்தப் புகார்களின் கதை உனக்குத் தெரியும். நீர்த் துறையிடம் போனால் அது தொழில் துறை விஷயம் என்பார்கள், தொழில் துறை சுகாதாரத் துறையைக் காட்டும், சுகாதாரத் துறை நகராட்சிக்கு அனுப்பும், நகராட்சியில் இன்ஜினியராக உட்கார்ந்திருப்பது உன் மாமா முன்திர், அவன் தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டு அக்காவுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்புவான்.

சின்ன வயதில் எங்களுக்கு அரசாங்கம் என்றால் ஃபலாஹ் ஒருவன்தான். நீர்க்காவலன். ஒரு கிழட்டுக் குதிரை, ஒரு குச்சி, சட்டையில் பித்தளைப் பட்டை, அவ்வளவுதான். மில்லுக்கு மேலே யாரும் சோப்புப் போடக் கூடாது, ஆட்டுக் குடலை அலசக் கூடாது, ஆலிவ் சக்கையைக் கொட்டக் கூடாது. ஊர்த்தலைவர் வீட்டுக்காரியாக இருந்தாலும் விட மாட்டான். அப்போது கரை முழுக்க ஸஃப்ஸாஃப் மரம், கிளையெல்லாம் தண்ணீரில் கிடக்கும், அந்த மரத்தை வைத்துத்தானே ஊருக்கே பெயர். வெள்ளிக்கிழமையானால் தலைநகர் அம்மானிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள், தர்பூசணியை ஓடையில் மிதக்கவிட்டுக் குளிரவைப்பார்கள், நாங்கள் பையன்கள் கீழே வளைவில் ஒளிந்திருந்து தப்பி வருகிற பழத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். கல்லைப் புரட்டினால் நண்டு. கரையில் புதினா தானாக முளைத்துக் கிடக்கும், தேநீருக்கு அதைத்தான் கிள்ளி வருவோம். உன் அம்மாவை நான் முதலில் பார்த்ததும் அந்தத் தண்ணீரில்தான். அவளுடைய பெரியக்காவின் கல்யாண மெத்தைக்குக் கம்பளி அலசிக்கொண்டிருந்தாள், ஒரு கட்டு கைநழுவி மிதந்து வந்தது, வளைவில் நின்ற நான் பிடித்தேன். கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஈரச் சட்டையோடு மேலே போனால், அங்கே அவள் ஃபலாஹோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். மில்லுக்கு மேலே சோப்புப் போட்டதற்காகச் சோப்புக் கட்டியை அவன் பிடுங்கிவிட்டான். கம்பளியைக் கையில் கொடுத்தேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "மொதல்ல அந்த சோப்பை வாங்கிக் குடு" என்றாள். ஃபலாஹ் தரவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட்டபோதும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் குதிரையில் ஏறிப் போய்விட்டான். அன்றைக்கு அவனை எல்லோரும் திட்டினோம். அவன் ஓய்வு பெற்றதும் அந்த வேலைக்கு வேறு யாரையும் போடவில்லை. ரொட்டி மாவுக்கான ஈஸ்ட் தயாரிக்கிற ஆலையும் தோல் பட்டறையும் மேலே வந்தன. ஐந்து வயதில் நீ ஓடையில் இறங்கி விளையாடிவிட்டு வந்தாய், அன்று ராத்திரியே இரண்டு காலும் கொப்புளம், அதோடு உன் அம்மா பின்கதவைப் பூட்டினாள். அந்த வருஷத்துக்குப் பிறகு ஊரில் எந்தப் பிள்ளையும் ஓடையில் நனைந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அமைச்சர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் முன்திர் நம் வீட்டுக்கு வந்தான். நான் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் நேராக அடுக்களைக்குப் போய் அக்கா முன்னால் உட்கார்ந்துவிட்டான், சின்னப் பிள்ளையாக இருந்தபோது அடி வாங்கிக்கொண்டு வந்து உட்காருவானே, அதே மாதிரி. அவன் என்ன சொன்னான் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். மேலே கிணற்றிலிருந்து நல்ல தண்ணீரைத் திறந்துவிடப் போகிறார்களாம். ஆலைக் கழிவை மத்தியான லுஹர் தொழுகை நேரம் வரை குழியில் அடைத்துவைக்கச் சம்மதம் வாங்கியிருக்கிறார்களாம், அதற்கு மேல் குழி தாங்காதாம். மேலிடத்து உத்தரவு, தான் என்ன செய்ய முடியும் என்று தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன், நாளைக்கு ஓடையைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது, தெருப் பொம்பளைங்களையும் பாத்துக்கோ" என்றானாம். அவள் சத்தியம் பண்ணிக் கொடுத்தாள். ஓடையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று.

விடிந்ததும் என்னைக் கசாப்புக் கடைக்கு விரட்டினாள், முழு ஆடு வேண்டுமாம். யார் வருகிறார்கள் என்றேன். அமைச்சர் என்றாள். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்கூட. தம்பிக்குப் பதவி உயர்வு கேட்கப் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், மன்சஃப் சோற்றுக்குத் தயிர்க்கட்டியைக் கரைத்துக் கொடுத்தேன், பாதாம் பருப்பும் வறுத்தேன். வாசலிலிருந்து பார்த்தால் ஓடையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி போகிறது. அம்மா ருதைனா, அது மோசடி என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்த பிறகும் சொல்கிறேன், அவ்வளவு அழகு. அடிக்கல் தெரிந்தது. அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன். கிழவன் நான் பின்கதவைத் திறந்து இறங்கிப் போய், கால் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் நின்றேன். முன்திர் கரையில் நின்று என்னைப் பார்த்தான், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அமைச்சர் நல்ல நேரத்தில்தான் வந்தார். கரக் பக்கத்து மனுஷர், பேச்சில் தெரிந்தது. கேமராக்காரர்கள், நகராட்சிக் கூட்டம், பாலத்தில் குறுக்கே சிவப்பு நாடா. கத்தரிக்கோல் வைத்த தட்டு வருவதற்குள் உன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முன்னால் நின்றாள். நல்ல கருப்பு அங்கி, தலையில் வெள்ளைத் துணி. ஓடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஐயா, இந்தத் தெருவுல மொத வீடு எங்களுது. இறங்கின ஊர்ல மொத வீட்டுல சாப்பிடாம போனா அந்த வீட்டுக்காரி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா? மன்சஃப் தயாரா இருக்கு. நாடாவை வந்து வெட்டிக்கலாம், அது ஆறிப்போகாது." கூட்டம் சிரித்தது, அமைச்சரும் சிரித்தார். உதவியாளர் காதில் ஏதோ சொன்னான், கைக்கடிகாரத்தைக் காட்டினான். ஆனால் அத்தனை கேமரா முன்னால், எழுபது வயதுக்காரி கூப்பிடுகிற சோற்றை வேண்டாம் என்று எந்த ஜோர்டான்காரனால் சொல்ல முடியும். வந்தார். முன்திரின் முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆனது. அப்போதுதான் எனக்கு ஏதோ இருக்கிறது என்று பட்டது.

பந்தலின் கீழ் எல்லோரையும் உட்காரவைத்தாள். பாங்கு சொல்லித் தொழுதுவிட்டு வந்துதான் சாப்பாடு என்றாள். அவள் அவசரமே படவில்லை. முதலில் காபி, பிறகு பழச்சாறு, பிறகு அவருடைய அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பு, அவர்கள் ஊர்ப் பக்கத்துச் சமையல் பற்றிப் பேச்சு. தொழுகை முடிந்து தட்டைச் சுற்றி நின்றபோது அமைச்சர் ஓடையைப் பார்த்து, தங்கள் ஊரில்கூட இப்படித் தெளிந்த தண்ணீர் கிடையாது என்று பாராட்டினார். அவள் அவர் பக்கம் நல்ல கறியாகப் பார்த்துத் தள்ளிவைத்தாள்.

முதலில் நாற்றம்தான் வந்தது. உனக்குத் தெரியுமே, புளித்த மாவும் அழுகின முட்டையும் கலந்த மாதிரி. சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை, எல்லோரும் அமைச்சரையே பார்த்தார்கள். சோற்றை உருட்டின அவர் கை அப்படியே நின்றது. பிறகு நிறம் மாறியது, வளைவு வரைக்கும் கறுப்பு, அதன்மேல் நுரை, ஆள் உயரத்துக்கு எழும்பிப் பாலத்து நாடாவைத் தொட்டுக்கொண்டு போனது. குழாய் எங்காவது உடைந்திருக்கும் என்று உதவியாளர் ஆரம்பித்தான். உன் அம்மா தயிர்க் குழம்பை அவர் பக்கத்துச் சோற்றின் மேல் ஊற்றினாள். "சாப்பிடுங்க ஐயா. நாங்க தினம் இதுலதான் சாப்பிடுறோம். பழகிடும்" என்றாள். அவள் கொடுத்த சத்தியத்தை மீறவில்லை பார், ஓடை என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை.

இதுவரைக்கும் அவள் போட்ட கணக்கு சரி. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அமைச்சர் திரும்பி உன் மாமாவைப் பார்த்து, "என்ன இன்ஜினியர், குழாய்தான் உடைஞ்சுதா?" என்று கேட்டார். தப்பித்துக்கொள்ள வழி காட்டுகிற மாதிரிதான் கேட்டார், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. உன் அம்மாவின் கையில் குழம்புக் குவளை நின்றுவிட்டது. தம்பியைக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். தலையை மெல்ல ஆட்டினாள், ஆமாம்னு சொல்லிடுடா என்கிற மாதிரி. முன்திர் கையைத் துடைத்துக்கொண்டான்.

"உடையலைங்க ஐயா. காலையில நாங்கதான் அடைச்சு வச்சோம். இப்பத் திறந்துட்டாங்க. தினமும் வர்றது இதுதான், காலையில நீங்க பாத்ததுதான் விசேஷம்."

அமைச்சர் கையிலிருந்த உருண்டையை வாயில் போட்டார், மெதுவாக மென்றார், இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். மரியாதைக்காகவா வெட்கப்பட்டா என்று ஊரில் இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. பிறகு கை கழுவி, உன் அம்மாவுக்கு நன்றி சொல்லி, நாடாவை வெட்டாமலே வண்டி ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரமே ஆலையின் குழாய்க்குச் சிவப்பு மெழுகு முத்திரை வைத்தார்கள். அப்புறம் ஆலைக்காரர்கள் நீதிமன்றம் போய்த் திறந்தார்கள். மறுபடி அரசாங்கம் காவலுக்கு ஆள் போட்டது, இப்போது வாய்க்கால் முனையில் முறை மாற்றி இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், கழிவைச் சுத்தம் பண்ணுகிற கட்டடத்துக்குச் சுவர் எழும்புகிறது. தண்ணீர் கறுப்பிலிருந்து தேநீர் நிறத்துக்கு வந்திருக்கிறது, நுரை இல்லை. குளிக்கிற மாதிரி இல்லை, ஆனால் ஜன்னலைத் திறந்து தூங்குகிறோம். ஆலையில் வேலை பார்க்கிற பையன்கள் சிலர் எனக்கு ஸலாம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சோறா மூச்சா என்று அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது நாங்கள் இல்லையே, பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பார்த்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும்.

முன்திரைத் தெற்கே தூரத்துத் தஃபீலாவுக்கு மாற்றிவிட்டார்கள். அமைச்சர் செய்த வேலை இல்லை, நடுவில் யாரோ என்கிறார்கள். குடும்பம் இங்கே, அவன் அங்கே ஒற்றை அறையில். உன் அம்மா பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போன வாரம் பஸ் பிடித்து இரண்டு பேரும் போனோம், இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவன் பின்னால் உட்கார்ந்து போவது தனிக் கஷ்டம், அது கிடக்கட்டும். அவள் வாசலிலேயே அழ ஆரம்பித்தாள், தன்னால்தான் இப்படி ஆனது என்று. அவன் சிரித்துவிட்டு, "நீ சத்தியத்தைக் காப்பாத்திட்டே அக்கா. வாயைத் திறந்தது நான்தானே" என்றான். அவனுக்கு அங்கே தூக்கம் நன்றாக வருகிறதாம், ரொம்ப வருஷத்துக்குப் பிறகு.

நீ அனுப்பிய படத்தை அவனுக்கும் காட்டினோம், டிரெஸ்டன் நதியில் தீமா காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அது. உன் அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, குழந்தையின் விரல்களைத் தண்ணீருக்குள் எண்ணிப் பார்க்கிறாள். இதற்காக அங்கே யாரிடம் போய்க் கேட்டீர்கள் என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். யாரிடமும் கேட்கவில்லை, நகராட்சி தானாகப் பார்த்துக்கொள்கிறது என்று நீ முன்பே சொன்னதைச் சொன்னேன். படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிவிட்டு, "ஒருத்தர்கிட்டயும் கேக்கவே இல்லையா?" என்று மறுபடி கேட்டாள்.

குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போட்டு வெளியே அனுப்பு. கஸ்ஸானிடம் சிகரெட்டைக் குறைக்கச் சொல், நான் சொன்னதாகவே சொல். இறைவன் உங்கள் வீட்டை நிறைவாக வைக்கட்டும், கொடுக்கிற கையாக உங்கள் கை மேலே இருக்கட்டும், நம்மை ஒரே தட்டைச் சுற்றி உட்காரவைக்கட்டும். ஒன்று மறக்காதே, மாமாவுக்கு வெள்ளிக்கிழமை போன் பண்ணு. ஓடையைப் பற்றி எதுவும் கேட்காதே, எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். என்ன சமைத்தாய் என்று கேள்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அப்பா,
தைஸீர்